மாலை போட்ட படம்

தான் செத்துப்போன செய்தி வந்து சேர்ந்தபோது சென்னியப்பன் கடைவாய்ப் பல்லிடுக்கில் சிக்கிய கீரைத்தண்டு நாரை நாக்கால் துழாவிக்கொண்டிருந்தார். சாப்பிட்டுக் கை கழுவி, ஹாலில் மின்விசிறிக்கு நேர்கீழே நாற்காலியை இழுத்துப் போட்டு, வேட்டியைக் கொஞ்சம் தளர்த்திவிட்டு, செல்லை எடுத்து மூக்குக்கு நேராகப் பிடிக்கிற மதிய வேளை. 'நம் சொந்தங்கள்' வாட்ஸ்அப் குழுவில் கரூர்த் தனபால் போட்டிருந்தான். மனைவி தெய்வானையின் தம்பி, எந்தக் காரியத்திலும் முதல் ஆளாக விரலை நீட்டுகிறவன். "மாமாவின் மறைவுச் செய்தி அதிர்ச்சியளிக்கிறது. ஆழ்ந்த இரங்கல்கள்." பின்னாலேயே வரிசையாகக் கூப்பிய கைகள். எந்த மாமா போய்விட்டார், காங்கேயத்தாரா, அவருக்குத்தான் கிட்னி போய்க் கிடந்தது என்று ஒருவிதச் சுறுசுறுப்போடு திரையை மேலே தள்ளினார். அங்கே இருந்தது அவருடைய படம். போன வாரம் ஓய்வுபெற்றோர் சங்கக் கூட்டத்தில் ரோஜா மாலை போட்டு எடுத்தது. அதைப் பெரிதுபண்ணிச் சட்டம் போட்டுக் காலையில்தான் சங்கத்து ஆள் கொண்டுவந்து கொடுத்துவிட்டுப் போனான். தெய்வானை உடனே ஆணி தேடி, அவருடைய அப்பா அம்மா படங்களுக்குப் பக்கத்திலேயே மாட்டி, மாட்டினதை ஒரு போட்டோவும் பிடித்துக் குழுவில் போட்டிருக்கிறாள். மார்பளவுக்கு அவர், கழுத்தில் மாலை, கண்ணாடிச் சட்டம், ஓரத்தில் அப்பாவின் படத்துக்குப் போட்டிருக்கிற சிவப்பு பல்பின் வெளிச்சம் பாதி. கீழே ஒரு எழுத்து இல்லை. அவளுக்குச் செல்லில் எழுத வராது, படம் அனுப்ப மட்டும் வரும். மனிதன் கழுத்தில் மாலை விழுந்தால் மரியாதை, படத்தின் கழுத்தில் விழுந்தால் காரியம் என்று பால்குடி மறந்த பிள்ளைக்குக்கூடத் தெரிகிற ஊரில் இதற்குமேல் யார் என்னத்தைக் கேட்பார்கள்.

சிரிப்புத்தான் வந்தது முதலில். மடையன்கள். பதில் போடுவதற்காக விரலை வைத்து 'நான்' என்று அடித்தார். நான் உயிரோடுதான் இருக்கிறேன். அதை எப்படி எழுதுவது, எழுதினால் எப்படி இருக்கும், 'உயிரோடுதான்' என்பதில் ஒரு கெஞ்சல் இருக்கிறதே என்று விரல் அந்தரத்தில் நின்றது. நின்ற விரலுக்கும் திரைக்கும் நடுவே இருந்த அந்த விரற்கடை இடத்தில்தான் பூபதி வந்தான். பூபதியும் இந்தக் குழுவில் இருக்கிறான். மெல்போர்னில் உட்கார்ந்துகொண்டு ஒரு நாளும் வாயைத் திறந்தவன் இல்லை, ஆனால் இருக்கிறான். அவனும் பார்ப்பான். பார்த்தால்? ஆறு வருஷமாக அப்பனிடம் ஒரு வார்த்தை பேசாதவன், அம்மாவுக்கு மட்டும் ஞாயிற்றுக்கிழமை போன் போட்டு அவர் இருமுகிற சத்தம் கேட்டாலே "அப்பறம் கூப்படறம்மா" என்று வைத்துவிடுகிறவன், அப்பன் செத்தான் என்று தெரிந்தால் என்ன செய்வான்? சென்னியப்பன் 'நான்' என்பதை எழுத்தெழுத்தாக அழித்தார். அழித்ததும் மார்பில் ஏதோ இளகினமாதிரி, ஒன்றுக்கு அடக்கிக்கொண்டிருந்து போன மாதிரி, ஒரு சுகம். எழுந்து சாமி அறை வாசலில் சார்ஜில் கிடந்த தெய்வானையின் செல்லைப் பிடுங்கிச் சத்தத்தை அணைத்து, தொடைக்கடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். உள்ளே கட்டிலில் அவள் வாய் திறந்து தூங்கிக்கொண்டிருந்தாள். நாலு மணிக்குமுன் எழமாட்டாள். அதுவரைக்கும் செத்தே இருக்கலாம்.

அனுப்பியவளின் செல்லில்தான் தெரியும், யார் யார் பார்த்தார்கள் என்று. அதை எடுத்து நோண்டினார். பார்த்தவர்கள் ஒரு பக்கம், போய்ச் சேர்ந்தும் பார்க்காதவர்கள் ஒரு பக்கம். பூபதி பார்க்காத பக்கத்தில் இருந்தான். அங்கே இப்போது இருட்டியிருக்கும், சனிக்கிழமையும் அவனுக்கு வேலை உண்டு, ரயிலைவிட்டு இறங்கி வீட்டுக்கு நடந்துகொண்டிருப்பான். அவன் நடமாட்டமெல்லாம் அவருக்குத் தெரியும். கடைசியாக எப்போது செல்லைப் பார்த்தான் என்று அவன் பெயருக்குக் கீழே வருமே, அதை வைத்தே ஆறு வருஷமாக அவனைப் பிள்ளையாக வைத்திருக்கிறார். எப்போது எழுகிறான், எப்போது படுக்கிறான், எந்த ராத்திரியில் படுக்கவே இல்லை. போன ஆடியில் ஒரு நாள் விடிய விடிய விழித்திருந்தான். இவரும் விழித்திருந்தார். பொட்டுப்போல அந்த 'ஆன்லைன்' அணைந்து அணைந்து எரிவதைப் பார்த்துக்கொண்டு, என்னடா ஆச்சு என்று கேட்க ஒரு வார்த்தை போதும், போடவில்லை. அவன் போடட்டும். பெற்றவன் நானா அவனா. குழுவில் மணி அடித்தமாதிரி விழுந்துகொண்டே இருந்தது. நேர்மையான அதிகாரி. அன்னாரின் ஆன்மா. எரிகிற விளக்குப் படம், ஆடுகிற சுடரோடு. ஈடு செய்ய முடியாத இழப்பு என்று போட்டவன் பவானி மச்சினன் மகன், ஆர்.டி.ஓ. ஆபீசில் இருந்தபோது அந்தப் பயலுக்கு லைசென்ஸ் டெஸ்டில் மூன்று தடவை இல்லை என்று சொல்லி அனுப்பியிருக்கிறார், ஈடு செய்ய முடியாது என்று அவனுக்குத் தெரியாமல் இருக்குமா. "காலைல அஞ்சரைக்குக் குட் மார்னிங் போட்டாரே?" என்று ஒருத்தி. "அதுக்கப்பறம்தான் போல" என்று இன்னொருத்தி. "எப்ப எடுக்கறாங்களாம்?" "இன்னிக்குச் சனிக்கிழமை ஆச்சே, கோழிக்குஞ்சுக்குச் சொல்லியாச்சா?" "அதெல்லாம் அங்க இருக்கறவங்க பார்த்துக்குவாங்க சித்தப்பா." சனிப் பிணம் தனியாகப் போகாது, துணை தேடும், பாடையில் ஒரு கோழிக்குஞ்சைக் கட்டிவிட வேண்டும். தன் கால்மாட்டில் அந்தக் குஞ்சு கத்துகிறமாதிரி இருந்தது சென்னியப்பனுக்கு. காலை மடக்கிக்கொண்டார்.

கூப்பிடவில்லை ஒருத்தரும், அதுதான். இத்தனை பேர் கை கூப்புகிறார்களே, ஒரு போனைப் போட்டு என்னாச்சு, எப்படியாச்சு, ராத்திரி நன்றாக இருந்தாரா என்று ஒரு கேள்வி? அந்தக் காலத்தில் இழவு என்றால் ஆள் வரும், வந்து வாசலிலேயே நின்று சொல்லும், கேட்டவர்கள் சோற்றுக் கையோடு எழுந்து ஓடுவார்கள். இப்போது விரலைக் கழுவாமலேயே துக்கம் கேட்டுவிடலாம். தனபால் போட்டதைப் பார்த்து அடுத்தவன் போட்டான், அவன் போட்டதைப் பார்த்து அதற்கடுத்தவன், மேலே போய்ப் படத்தைப் பார்த்தவன்கூட ஒருத்தனும் இருக்கமாட்டான். ஆனால் இவரே போன மாதம் குன்னத்தூர்ப் பங்காளி இறந்தபோது என்ன செய்தார்? அதே விளக்கு. அதே சுடர். அது வேறு. அன்றைக்கு மூட்டு வலி. இங்கே மனசு கொஞ்சம் வழுக்கி, பிடிமானம் தேடி, எதிர்ச் சுவரைப் பிடித்துக்கொண்டது. எதிர்ச் சுவரில் அவரே மாலையோடு இருந்தார், உதட்டை இறுக்கிக்கொண்டு. மைதானத்தில் நிற்கிற முகம் அது. சுண்ணாம்பில் போட்ட எட்டு, அதைச் சுற்றி வண்டியைத் தள்ளிக்கொண்டு பயந்து நிற்கிற பொடியன்கள், மரத்தடியில் புரோக்கர்கள். எட்டுப் போடும்போது கால் ஊன்றக் கூடாது, ஊன்றினால் பெயில், கலெக்டர் மகன் ஆனாலும் பெயில். பூபதிக்குப் பதினெட்டு முடிந்து ஒரு வாரம். சார் பையன் சார் பையன் என்று புரோக்கர்களெல்லாம் கைதட்டி ஏற்றிவிட்டார்கள். இரண்டாவது வளைவில் செருப்பு நுனி, நுனிதான், சுண்ணாம்பைத் தொட்டது. வேறு யாரும் பார்க்கவில்லை. சென்னியப்பன் பார்த்தார். "எறங்கு. அடுத்த மாசம் வா" என்றார், எல்லாருக்கும் சொல்கிற அதே குரலில். அந்தக் குரலைப் பற்றி அவருக்கு இன்றைக்கும் ஒரு பெருமை உண்டு, அதில் அப்பன் துளிகூடக் கலக்கவில்லை. பையன் அடுத்த மாதம் வரவில்லை. எந்த மாதமும் வரவில்லை. மெல்போர்னிலும் ரயிலில்தான் போகிறானாம். அதற்கு நான் என்ன செய்ய, கால் ஊன்றியது யார்?

தொடைக்கடியில் துடித்தது. தெய்வானையின் செல். எடுத்துப் பார்த்தார், தாராபுரத்து ருக்மணி, அவள் தங்கை. மாரடைப்பு வந்து நெஞ்சில் ஸ்பிரிங் வைத்த பொம்பளை, படி ஏறக் கூடாது, அழக் கூடாது. கூப்பிட்டவளும் இவள் ஒருத்திதான். துடிக்கட்டும் என்று விட்டார். நின்றது. மறுபடியும் துடித்தது. இதை எடுத்து "ருக்மணி, நாந்தான் பேசறன்" என்றால் அப்படியே போய்விடுவாளோ என்று நினைத்தார், நினைத்து லேசாகச் சிரிப்பும் வந்தது. எடுக்காமல் விட்டாலும் போய்விடலாம். மூன்றாவது தடவை துடித்தபோது அது எலி ஒன்றைத் தொடைக்கடியில் அமுக்கிவைத்திருக்கிறமாதிரி இருந்தது, அதன் சூடும் பதைப்பும். கொஞ்ச நேரம் கழித்து அவளே குழுவில் குரலாகப் போட்டாள். காதோரம் வைத்துக் கேட்டார். "அக்கா... போன எடு அக்கா... நாங்க கெளம்பிட்டம் அக்கா..." பின்னால் யாரோ, "மாலை பெருந்துறைல வாங்கிக்கலாம், அங்க சல்லிசு" என்கிற குரல். அப்போ வண்டி ஏறிவிட்டார்கள். இன்னும் ஒன்றரை மணி நேரத்தில் வாசலில் வந்து நின்று கூவப்போகிறார்கள். இப்போதாவது சொல்லிவிட வேண்டும். சொல்லிவிடலாம். அவன் மட்டும் பார்த்துவிடட்டும். அவன் பார்த்த அடுத்த நிமிஷம் சொல்லிவிடலாம். விரல் மறுபடி அவருடைய செல்லில் அவன் பெயரை அழுத்தியது.

அவன் பெயரை அழுத்தினால் திறக்கிற ஜன்னலில் ஒரே ஒரு வார்த்தை கிடந்தது, ஆறு வருஷத்துக்கு முந்தியது. 'சேர்ந்துட்டேன்.' அவ்வளவு கோபத்திலும் பழக்க தோஷம், ஊர் போய்ச் சேர்ந்ததும் போட்டிருக்கிறான். இவர் படித்தார், பதில் போடவில்லை. அந்தக் கடைசித் தடவை வந்திருந்தபோது, சாப்பாட்டில் உட்கார்ந்தால் இலைக்குப் பக்கத்தில் செல், ஒரு கவளம், ஒரு பார்வை, ஒரு கவளம், ஒரு பார்வை. சோறு போடுகிற அம்மா முகத்தைப் பார்க்கவில்லை. அவன் மகள், பேத்தி, ஏதோ கேட்கிறாள், அவள் முகத்தையும் பார்க்கவில்லை. ஒரு தடவை சொன்னார். இரண்டாவது தடவை சொல்கிற வழக்கம் அவருக்கு இல்லை. செல்லை எடுத்து மோர்ச் சட்டிக்குள் போட்டார். போட்டது போட்டமாதிரி உள்ளே இறங்கியது, இறங்கியும் எரிந்துகொண்டே இருந்தது, மோர் முழுக்க உள்ளிருந்து வெளிச்சமாகி, சட்டிக்குள் நிலா விழுந்தமாதிரி. பேத்திதான் முதலில் சிரித்தாள். பூபதி சிரிக்கவில்லை, திட்டவில்லை, கையை விட்டு எடுத்துத் துண்டில் துடைத்து, இலையை மடித்துவிட்டு எழுந்தான். மறுநாள் விடிகாலை வண்டி. என்னத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான் என்று இன்றுவரைக்கும் தெரியாது. கேட்கவில்லை. இப்போது சென்னியப்பன் செல்லைத் தண்ணீர்ச் சொம்பில் சாய்த்துவைத்துக்கொண்டுதான் சாப்பிடுகிறார். அது வேறு. அவர் கேட்டால் பதில் சொல்ல இந்த வீட்டில் யார் இருக்கிறார்கள், அது வேறு.

'ஆன்லைன்' என்று வந்தது. பெயருக்குக் கீழே, சின்னதாக. மூச்சை இழுத்துப் பிடித்துக்கொண்டார், அந்த மூச்சு அங்கே கேட்டுவிடும்போல. பார்த்துவிட்டான். தெய்வானையின் செல்லில் அவன் பெயர் இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கத்துக்கு மாறியிருந்தது. குழுவில் ஒன்றும் போடவில்லை. கை கூப்பவில்லை, விளக்கு ஏற்றவில்லை, ஊராரோடு சேர்ந்து ஒப்புக்கு அழவில்லை. சபாஷ் என்றது உள்ளே ஒன்று. இப்போது அம்மாவைக் கூப்பிடுவான், கூப்பிடவேண்டும், தொடைக்கடியில் துடிக்கவேண்டும். துடிக்கவில்லை. அதற்குப் பதிலாக இவர் கையில் இருக்கிற ஜன்னலில், 'சேர்ந்துட்டேன்' என்ற அந்தப் பழைய வார்த்தைக்கு மேலே, 'டைப்பிங்' என்று வந்தது. இங்கேயா? எனக்கா? செத்தவனுக்கு எழுதுகிறானா? நின்றது. மறுபடி வந்தது. நின்றது. எதையோ எழுதி எதையோ அழிக்கிறான். எழுதடா. திட்டு, பரவாயில்லை, திட்டியே எழுது. அல்லது அழு. ஒரு வரி அழு, அதை வைத்துக்கொண்டு நான் மிச்சத்தை ஓட்டிக்கொள்கிறேன். ஆறு வருஷமாக அங்கே விளக்கு அணைகிறதா எரிகிறதா என்று வேவு பார்த்தவனுக்கு ஒரு வரி. மின்விசிறி கிறீச்சிட்டுச் சுற்றியது. தெருவில் கேஸ் வண்டி போனது. வேர்வை முதுகில் இறங்கி வேட்டி மடிப்பில் தங்கியது. 'டைப்பிங்' நிற்கவே இல்லை இப்போது, மழை பிடித்துக்கொண்டமாதிரி நின்று நிதானமாக ஓடியது. திரை மங்கும்போதெல்லாம் தொட்டுத் தொட்டு எரியவைத்தார். அணைந்தால் அவன் போய்விடுவான்போல.

வந்தது. திரையை முழுக்க அடைத்துக்கொண்டு வந்தது. "அப்பா, இனி நீங்க திட்ட முடியாதுங்கற தைரியத்துல எழுதறேன். இதைச் சொல்லணும்னு எத்தனையோ தடவ போன எடுத்திருக்கேன். உங்க குரல் கேட்டா நாக்கு ஒட்டிக்கும்னு வெச்சுடுவேன்..." சின்ன வயதிலிருந்தே அப்படித்தான் அவன், ஒன்றைச் சொல்ல ஊரைச் சுற்றிக்கொண்டு வருவான். மார்க் குறைந்திருந்தால் மழை பெய்ததில் ஆரம்பிப்பான். இதிலும் அவரைப் பற்றிக் கொஞ்சம், அவர் நடை, அவர் செருப்புச் சத்தம் கேட்டால் வீடு எப்படி அமைதியாகும் என்பது கொஞ்சம். விஷயத்துக்கு வாடா என்றார் சென்னியப்பன், வாய்விட்டே. கண் வரியை முந்திக்கொண்டு ஓடியது. "...அம்மாவுக்குத் தெரியாது. இங்க வீட்லயும் யாருக்கும் தெரியாது. உங்ககிட்ட மட்டும்தான் சொல்ல முடியும், அதுவும் நீங்க இல்லாததால. நான்..." அங்கே அறுந்து, கீழே நீல எழுத்தில் 'மேலும் படிக்க' என்று நின்றது. அழுத்தினார். திறக்கவில்லை. வயசான விரல், காய்ந்த தோல், கண்ணாடி அதை விரலாகவே மதிப்பதில்லை. மறுபடி அழுத்தினார். நாக்கில் விரலைத் தொட்டு, ஆபீசில் பைல் புரட்டுகிறமாதிரி ஈரப்படுத்தி, வேட்டியில் அரைகுறையாகத் துடைத்துக்கொண்டு அழுத்தப் போனபோது, அந்தப் பெரிய கட்டம் அவர் கண்முன்னே ஒரு வரியாகச் சுருங்கியது. 'இந்தச் செய்தி நீக்கப்பட்டது.' சற்றுப் பொறுத்துத்தான் புரிந்தது. ஜன்னலைத் திறந்து வைத்துக்கொண்டே உட்கார்ந்திருந்தார் அல்லவா, வந்த நொடியிலேயே அங்கே அவனுக்கு, படித்தாயிற்று என்று காட்டுகிற நீலக் கோடு இரண்டும் விழுந்திருக்கும். செத்தவனுக்குப் போட்டதை யாரோ படித்துக்கொண்டிருக்கிறார்கள். பதறி இழுத்துக்கொண்டுவிட்டான். நான். நான் என்ன? நான் என்னடா? சென்னியப்பன் அந்த ஒற்றை வரியை ஈர விரலால் குத்தினார், குத்தினார், அது கல்வெட்டுமாதிரிக் கிடந்தது.

இப்போது தொடைக்கடியில் துடித்தது. விட்டுவிட்டு இல்லை, விடாமல். "ஏனுங்க, எஞ்செல்லு எங்கீங்க?" கொண்டையை முடிந்துகொண்டே தெய்வானை வந்து நின்றாள். அவர் தொடையைத் தூக்கவில்லை. அவளே கையை விட்டு உருவினாள், கோழிக்கடியிலிருந்து முட்டை எடுக்கிறமாதிரி. "பூபதி. சத்தத்த ஆரு அணைச்சது? ... சொல்லு சாமி. ஏங்கண்ணு, ஏன் அழுவற? ஆரு? ... அட, எந்தக் கட்டேல போறவஞ் சொன்னான்? இங்கதான் குத்துக்கல்லாட்டம் உக்கோந்திருக்காரு. கீரைல உப்புப் பத்தலைன்னு இப்பத்தான என்னைய நாயாப் பாத்தாரு." சிரித்தாள். சிரிப்பு பாதியில் நின்றது. அங்கிருந்து என்னவோ கேட்கிறான். அவள் பார்வை அவர் கையில் இருந்த செல்லுக்கு வந்தது, எரிகிற திரைக்கு வந்தது, பிறகு தன் செல்லைக் காதிலிருந்து எடுத்து அதில் வரிசை கட்டியிருந்த தங்கையின் பெயரைப் பார்த்தாள். மறுபடி காதில் வைத்து அவனுக்குத் தணிந்த குரலில் இரண்டு வார்த்தை பதில் சொன்னாள். முப்பத்துச் சொச்சம் வருஷம் மைதானத்தில் எத்தனையோ முகம் பார்த்தவர்தான், இந்த முகத்தைப் பார்க்க முடியவில்லை.

"என்னன்றான்?" என்றார்.

"அவரு செல்லு ஆர் கைல இருந்துச்சுன்னு கேட்டான். உங்க கைலதான்னேன்." குரலில் ஏற்றம் இறக்கம் இல்லை. "எதுவரைக்கும் படிச்சாருன்னு கேக்கறான். என்னத்த படிச்சீங்க?"

படிக்கவில்லை என்று சொன்னால் போதும். நான் என்பதுவரைக்கும்தான், அதற்குமேல் தெரியாது என்றால் அங்கே ஒருத்தன் மூச்சு விடுவான், சுவரில் சாய்ந்துகொள்வான், ராத்திரி தூங்குவான். ஒருவேளை என்றைக்காவது ஒரு நாள் அவனாகவே மிச்சத்தைச் சொல்லக்கூடச் செய்யலாம். நாக்கு அதற்குத் தயாராகத்தான் இருந்தது. ஆனால் இந்த அப்பன் உயிரோடு இருக்கிறான் என்று கேட்டதும் அழுகையை நிறுத்திவிட்டான் அல்லவா, எப்படி இருக்கிறார் என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை அல்லவா, எதுவரைக்கும் படித்தார் என்பதுதானே கேள்வி. செத்தவனிடம் சொல்ல முடிகிறது, இருக்கிறவனிடமிருந்து பிடுங்கிக்கொள்ளத் தெரிகிறது. கீரை நார் இன்னும் பல்லில் இருந்தது. அதை நாக்கு நுனியால் நெம்பி வெளியே எடுத்தார்.

"முழுசும் படிச்சுட்டேன்னு சொல்லு."

தெய்வானை அவரையே பார்த்தாள். பிறகு செல்லை வாய்க்கு நெருக்கமாக வைத்து, காய்ச்சல்காரப் பிள்ளையிடம் பேசுகிறமாதிரி, "முழுசும் படிச்சுட்டாராம் சாமி" என்றாள். காத்திருந்தாள். "கண்ணு? லைன்ல இருக்கறயா?" மின்விசிறி சுற்றியது. அவள் செல்லைக் காதோடு இன்னும் அழுத்திக்கொண்டாள்.

"ஒண்ணுஞ் சொல்ல மாட்டீங்கறானுங்க. மூச்சு மட்டும் கேக்குது."